ஒரே ஒரு விண்ணப்பம்: 'இல்லை' என்ற பதிலுக்கு என்ன விலை?

நவம்பர் பிறந்துவிட்டால் இறுதியாண்டு மாணவர்கள் பரிந்துரைக் கடிதம் கேட்டு ஒவ்வொருவராக என் அறைக்கு வரத் தொடங்குவார்கள். கையில் பட்டியல் இருக்கும். எட்டு, பத்து, சில சமயம் பதினான்கு பல்கலைக்கழகங்களின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே கடைசித் தேதி, முடித்ததற்குப் பச்சை, முடிக்காததற்குச் சிவப்பு என்று எக்செல்லில் வண்ணம் பூசியிருப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருவர் மட்டும் வெறுங்கையோடு வந்து நின்றார்.

"பட்டியல் எங்கேம்மா?"

"ஒரே ஒரு இடம்தான் சார்."

அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு பல்கலைக்கழகம், அதில் ஒரு பேராசிரியர், அவருடைய ஆய்வுக்குழு. வேறெங்கும் விண்ணப்பிப்பதாக இல்லை. கிடைக்காவிட்டால் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டதற்கு, "வெயிட் பண்ணுவேன் சார்" என்றார்.

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. நானும் என் காலத்தில் ஒரே ஓர் இடத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்துக் கிடந்தவன்தான். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்த வருடம் அது. சென்னையை விட்டு நகர வழியில்லை, என் துறையில் நான் விரும்பிய ஆய்வு நடந்த நிறுவனம் அன்று ஊருக்குள் ஒன்றுதான் இருந்தது. விண்ணப்பித்தேன். நேர்முகத் தேர்வு முடிந்த மறுநாள் அதற்கான அழைப்புக் கடிதம் தபாலில் வீடு வந்து சேர்ந்தது. அந்தக் கடித உறையை இன்னமும் வைத்திருக்கிறேன். ஆனால் அங்கே ஆண்டுக்கு இருமுறை ஆள் எடுத்தார்கள் என்பதால் என் இழப்பு ஆறு மாதத்தோடு முடிந்தது, அடுத்த சுற்றில் சேர்ந்துவிட்டேன். அதே தவறு ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே கதவு திறக்கும் இடத்தில் நடந்திருந்தால் ஒரு வருடம் போயிருக்கும். தேர்வு மதிப்பெண்ணும் அந்த வருடத்தோடு காலாவதியாகும் இடமாக இருந்திருந்தால் திரும்பவும் தேர்வு எழுத வேண்டியிருந்திருக்கும்.

ஒன்றுக்கு மட்டும் விண்ணப்பிப்பதா, பலவற்றுக்கு விண்ணப்பிப்பதா என்று யோசிக்கிறவர்கள் பெரும்பாலும் 'கிடைக்குமா' என்பதையே கணக்குப் போடுகிறார்கள். அதை யாராலும் சரியாகக் கணிக்க முடியாது. 'கிடைக்காது' என்ற பதில் வந்தால் அது நம்மிடமிருந்து எவ்வளவு பிடுங்கிக்கொள்ளும் என்பதை மட்டும் முன்கூட்டியே கிட்டத்தட்டத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். அந்த விலை சேர்க்கை முறைக்குச் சேர்க்கை முறை வெகுவாக வேறுபடுகிறது. ஆகவே 'ஒன்றே ஒன்று' என்ற முடிவு ஓரிடத்தில் நிதானமானதாகவும் இன்னோரிடத்தில் வீண் பிடிவாதமாகவும் ஆகிவிடுகிறது.

முதலில் அமெரிக்க முனைவர் படிப்பையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான துறைகளுக்கு டிசம்பர் மாதத்தில் கடைசித் தேதி; முடிவுகள் ஜனவரி இறுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை வரும். உதவித்தொகையோடு வரும் அழைப்புகளுக்கு மாணவர் ஏப்ரல் 15-க்குள் பதில் சொன்னால் போதும் என்பது அங்கே பல பல்கலைக்கழகங்கள் நெடுநாளாக ஒப்புக்கொண்டு கடைப்பிடித்துவந்த ஏற்பாடு. விண்ணப்பக் கட்டணம் இடத்துக்கு இடம் மாறினாலும் 75 டாலரிலிருந்து 150 டாலர் வரை என்று பொதுவாகச் சொல்லலாம். ஸ்டான்ஃபோர்டு 125 டாலர் வாங்குகிறது. சராசரியாக 100 டாலர், டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஓர் இடத்துக்கு 8,500 ரூபாய், எட்டு இடங்களுக்கு 68,000 ரூபாய். நடுத்தரக் குடும்பத்துக்கு இது சிறிய தொகையே அல்ல என்பதால், ஒன்றோடு நிறுத்திக்கொள்வதற்குப் பணமும் ஒரு நியாயமான காரணம்தான்.

ஆனால் இந்தச் செலவில் கட்டணம் ஒரு பகுதி மட்டுமே. ஏன் இந்த ஆய்வு, ஏன் இந்த இடம் என்று விளக்கும் நோக்க அறிக்கையை ஏழெட்டு முறை அடித்துத் திருத்தி எழுதுவது, மூன்று பேராசிரியர்களைக் கடிதத்துக்குச் சம்மதிக்க வைப்பது, பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு நடையாய் நடந்து டிரான்ஸ்கிரிப்ட் வாங்குவது, ஆங்கிலத் தேர்வு எழுதுவது, கேட்கும் துறைகளுக்காக ஜி.ஆர்.இ. என்ற பொதுத் தகுதித் தேர்வு எழுதுவது ஆகிய இவ்வளவும் முதல் விண்ணப்பத்துக்கே செய்தாக வேண்டியவை. இரண்டாவது விண்ணப்பத்துக்கு ஆவது கட்டணமும், அறிக்கையின் கடைசி இரண்டு பத்திகளை அந்தத் துறைக்கேற்ப மாற்றும் ஒரு வார வேலையும்தான். ஒரு நாள் முழுக்கச் சமைத்துவிட்டு ஒரே ஓர் இலை போடுவது போன்றது இது. ஒன்றோடு நிறுத்துகிறவர் மிச்சப்படுத்துவதாக நினைப்பதில் பெரும்பகுதியை ஏற்கெனவே செலவழித்துவிட்டார் என்பதே உண்மை.

பலவற்றுக்கு விண்ணப்பிப்பதால் வாய்ப்பு எவ்வளவு கூடும்? ஓர் இடத்தில் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், எட்டு இடங்களில் ஒன்றாவது கிடைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 57 சதவீதம் என்று வரும். மாணவர்கள் இந்தக் கணக்கை எனக்குப் போட்டுக் காட்டுவதுண்டு. கணக்கு சரி, அதன் அடிப்படைதான் இடறுகிறது. எட்டு முடிவுகளும் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்துக்கொண்டால்தான் இந்த 57 வரும். எட்டு இடங்களுக்கும் போவது அதே மதிப்பெண் பட்டியல், அதே அறிக்கை, அதே மூன்று கடிதங்கள். மூன்றில் ஒரு கடிதம் சப்பையாக இருந்தால் எட்டு இடத்திலும் அது சப்பைதான். ஆகவே ஒன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது கிடைக்கும் பலன், எட்டிலிருந்து பதினான்குக்குப் போகும்போது கிடைப்பதில்லை. பதினான்கு பெயர்ப் பட்டியலோடு வருகிறவர்களிடம் நான் பாதியை அடிக்கச் சொல்வது இதனால்தான். பதினான்கு தளங்களில் கடிதம் பதிவேற்ற வேண்டிய என்னுடைய சோம்பலும் அதில் கொஞ்சம் கலந்திருக்கிறது என்பதை மறைக்கவில்லை.

ஒன்றுக்கு மட்டும் விண்ணப்பிப்பவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு: 'உங்களைத் தவிர வேறு யாரையும் நான் நாடவில்லை' என்பது தெரிந்தால் தேர்வுக் குழுவினர் மனம் இரங்கும் என்பது. இளநிலைப் படிப்புக்கு அமெரிக்காவில், கிடைத்தால் கட்டாயம் சேர்வேன் என்று உறுதிகொடுத்து முன்கூட்டியே விண்ணப்பிக்கும் முறை இருக்கிறது. முனைவர் படிப்பில் பொதுவாக அப்படி எதுவும் கிடையாது. வேறெங்கெல்லாம் விண்ணப்பித்தீர்கள் என்று சில படிவங்கள் கேட்கும், அவ்வளவுதான். பேராசிரியரின் ஆய்வைப் படித்து, அதில் எங்கே நம் வேலை பொருந்தும் என்று தெளிவாக எழுதுவதற்குக் கட்டாயம் மதிப்பு உண்டு. அதை நான்கு இடங்களுக்கு எழுதினாலும் அந்த மதிப்பு குறைவதில்லை.

ஒரே பேராசிரியரை நம்பி விண்ணப்பிப்பதில் இன்னொரு ஆபத்து, முடிவெடுப்பதில் நம் தகுதிக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்களுக்கும் பங்கிருப்பது. அந்த ஆண்டு அவர் விடுப்பில் போகலாம், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம், அவருடைய ஆய்வு நிதி தீர்ந்து புதிய மாணவரை எடுக்க முடியாமல் போகலாம். 2025-இல் கூட்டரசின் ஆய்வு நிதி நிச்சயமற்றுப் போனபோது அமெரிக்காவில் பல இடங்கள் முனைவர் சேர்க்கையைக் குறைத்தன; மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவக் கல்லூரி, உயிர்மருத்துவ முனைவர் படிப்புக்கு ஏற்கெனவே கொடுத்திருந்த அழைப்புகளையே திரும்பப் பெற்றுக்கொண்டது. விண்ணப்பித்தவர்களின் தகுதி ஒரே இரவில் குறைந்துவிடவில்லை. ஒற்றைக் காலில் நின்றவர்களுக்கு அந்த ஆண்டு ஊன்ற இன்னொரு கால் இல்லாமல் போயிற்று.

நம் நாட்டு முறைகளுக்கு வந்தால் கணக்கே வேறு. இளநிலை அறிவியல் முடித்துவிட்டு ஜாம் (JAM) என்ற நுழைவுத் தேர்வு எழுதுகிறவருக்கு ஐ.ஐ.டி.களில் முதுநிலை சேர ஒரே பொதுப் படிவம்தான். அதில் விருப்ப வரிசையை நிரப்பினால் போதும். இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது இடத்தை எழுதுவதற்குத் தனிச் செலவில்லை. கீழே உள்ள இடம் கிடைத்தாலும் அதை ஏற்றுக்கொண்டு, மேலே உள்ளது காலியானால் அங்கே நகர்த்தச் சொல்லும் வசதியும் உண்டு. இந்த முறையில் ஒரே ஒரு பெயரை மட்டும் நிரப்புவதற்கு எந்த நியாயத்தையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஜாம் மதிப்பெண் அந்த ஆண்டுச் சேர்க்கைக்கு மட்டுமே செல்லும் என்பதால் 'இல்லை' என்ற பதிலின் விலை முழுதாக ஒரு வருடம், கூடவே இன்னொரு தேர்வு. இதில் ஒரே விதிவிலக்கு, கிடைத்தாலும் நிச்சயம் சேரப் போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்த இடங்களை விட்டுவிடுவதுதான்.

கேட் (GATE) என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். சேர நினைப்பவர்கள் இதற்கு நேர்மாறான பள்ளத்தில் விழுவதைப் பார்க்கிறேன். கோயாப் என்ற பொதுத் தளத்தில் பதிவு செய்துவிட்டு, எல்லா ஐ.ஐ.டி.க்கும் விண்ணப்பித்தாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அந்தத் தளம் வரும் அழைப்புகளை ஏற்கவும் மறுக்கவும் மட்டும்தான். விண்ணப்பத்தை ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அதனதன் தளத்தில் தனித்தனியாகப் போட வேண்டும். இதை அறியாமல், முதலில் போட்ட ஒரே ஒரு விண்ணப்பத்தோடு தெரியாமலேயே 'ஒற்றை விண்ணப்பக்காரர்' ஆகிவிட்டவர்களை எனக்குத் தெரியும். தெரிந்தே ஒன்றுக்கு மட்டும் போடுகிறவருக்கு இங்கே ஆறுதலான விஷயங்கள் இரண்டு. கேட் மதிப்பெண் மூன்றாண்டு செல்லும்; ஆகவே இந்த ஆண்டு கைவிட்டுப் போனாலும் தேர்வு வீணாவதில்லை. அடுத்தது, சுற்றுக்குச் சுற்று கட்-ஆஃப் இறங்குவதை முந்தைய ஆண்டுப் பட்டியல்களில் பார்க்கலாம் என்பதால், இங்கே காத்திருப்பது இருட்டில் நிற்பது போன்றதல்ல. நம் மதிப்பெண் போன ஆண்டுக் கடைசிச் சுற்றுக் கட்-ஆஃபுக்கும் கீழே இருந்தால் கனவு காண்பதில் பொருளில்லை. முதல் சுற்றுக்கும் கடைசிச் சுற்றுக்கும் நடுவில் இருந்தால் பொறுமைக்குப் பொருள் உண்டு. அழைப்பு வந்த பின் தளம் காட்டும் மூன்று பொத்தான்களில் இரண்டின் பெயரே 'வெயிட்' என்றுதான் முடிகிறது: வந்ததைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பது ஒன்று, உதறிவிட்டுக் காத்திருப்பது மற்றொன்று. ஒன்றுக்கு மட்டும் விண்ணப்பித்தவரும் அங்கே இரண்டு மூன்று பிரிவுகளைக் கேட்டிருந்தால் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் பொத்தானுக்கு வேலை இருக்கும். உதறிவிட்டுக் காத்திருக்கும் பொத்தானைத் தொடும் முன் வீட்டில் ஒருமுறை பேசிவிடுவது நல்லது.

முனைவர் படிப்பிலோ இங்கேயே இரண்டு விதமான நிலைமை. சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் ஆய்வுப் படிப்புகளுக்கு ஜூலை, ஜனவரி என்று ஆண்டுக்கு இரண்டு பருவங்களில் சேர்க்கிறார்கள். குடும்பத்தால் ஊரை விட்டு நகர முடியாதவர் அப்படிப்பட்ட ஓர் இடத்துக்கு மட்டும் விண்ணப்பிப்பதைச் சூதாட்டம் என்று சொல்ல மாட்டேன். அவர் இழக்கக்கூடியது ஆறு மாதம், அவ்வளவே. அந்த ஆறு மாதத்தில் அதே ஆய்வகத்தில் திட்டப் பணியாளராகச் சேர முடிந்தால் அதுவும் இழப்பில்லை. மாநிலப் பல்கலைக்கழகங்களில் முதலில் ஒரு கைடு சம்மதிக்க வேண்டும் என்ற நடைமுறை பரவலாக இருப்பதால், அங்கே ஒற்றை விண்ணப்பம் என்பது நாம் தேர்ந்தெடுப்பதல்ல, முறையே நம்மீது சுமத்துவது. ஒரே துறையில் இரண்டு கைடுகளிடம் ஒரே நேரத்தில் சம்மதம் கேட்டு, அது இருவருக்கும் தெரியவந்தால் ஏற்படும் சங்கடத்தை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

இரண்டாவது நிலைமை, 2024 முதல் பல்கலைக்கழக மானியக் குழு நெட் (NET) என்ற தேசியத் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணையே முனைவர் சேர்க்கைக்கும் பயன்படுத்தச் சொன்னதால் வந்தது. உதவித்தொகை பெறாமல் முனைவர் சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெறுகிறவரின் மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். சேர்க்கையில் தேர்வுக்கு 70 சதவீதம், நேர்முகத்துக்கு 30 சதவீதம் என்று எடை. ஓராண்டில் உருகிவிடும் மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு பல்கலைக்கழகத்தின் நேர்முகத்தை மட்டும் எதிர்பார்ப்பது, வெயிலில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு ஒரே ஒரு வாடிக்கையாளருக்குக் காத்திருப்பது போலத்தான்.

என் மாணவியின் கதைக்குத் திரும்புகிறேன். ஒன்றோடு நிறுத்துகிறவர்கள் என் அனுபவத்தில் மூன்று வகை. ஊரால் கட்டப்பட்டவர்கள் ஒரு வகை. உண்மையிலேயே ஒரே ஓர் ஆய்வில் மனம் ஒன்றிவிட்டவர்கள் இன்னொரு வகை, இவர்கள் மிகச் சிலர். மூன்றாவது வகையினர்தான் அதிகம்: எட்டு இடத்தில் மறுக்கப்படுவதைவிட ஓரிடத்தில் மறுக்கப்படுவது வலிக்காது என்று உள்ளுக்குள் முடிவு செய்துவிட்டு அதற்கு இலட்சியம் என்று பெயர் வைத்துக்கொள்பவர்கள். எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும். "அந்தப் பேராசிரியரின் சமீபத்திய கட்டுரையில் உனக்கு உடன்பாடு இல்லாத இடம் எது?" என்று கேட்டேன். அவர் பையிலிருந்து அச்சிட்ட தாள்களை எடுத்து, நான்காம் பக்கத்தில் ஒரு தோராயக் கணக்கீட்டைப் பென்சிலால் சுழித்திருந்ததைக் காட்டினார். ஓரத்தில் 'ஏன்?' என்று எழுதியிருந்தது. இரண்டாம் வகைதான்.

அப்படியிருந்தும் ஒன்றோடு நிறுத்த வேண்டாம் என்றுதான் சொன்னேன். மேலும் ஏழு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைச் சேர் என்றும் நான் சொல்லவில்லை. நான் பரிந்துரைப்பது நடுவழி: விரும்பியது ஒன்று, அதற்குத் துணையாக முற்றிலும் வேறு விதமான இன்னொன்று. துணை என்பது வேறு நாட்காட்டியில் நடக்க வேண்டும், வேறு அளவுகோலால் எடைபோட வேண்டும், கிடைத்தால் முகம் சுளிக்காமல் போகக்கூடியதாகவும் இருக்க வேண்டும். அமெரிக்க விண்ணப்பத்தைக் கடிதங்களும் அறிக்கையும் தீர்மானிக்கின்றன என்றால், துணையாக வருவது எழுத்துத் தேர்வால் தீர்மானிக்கப்படுவதாக இருக்கட்டும். முதலாவது சரிந்த அதே காரணத்தால் இரண்டாவது சரியாது. எட்டு இடங்களுக்கு ஒரே உறையை அனுப்புவதைவிட இந்த இரண்டு அதிகப் பாதுகாப்பு என்பது என் கணிப்பு.

நவம்பரில் வந்ததால் அவருக்குக் கேட் கதவு ஏற்கெனவே மூடிவிட்டது. அதற்கு விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபர் வாக்கிலேயே முடிந்துவிடும். இயற்பியலுக்கு ஜெஸ்ட் தேர்வு இருந்தது. தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் உட்படப் பல ஆய்வு நிறுவனங்கள் அந்த மதிப்பெண்ணைக் கொண்டு நேர்முகத்துக்கு அழைக்கின்றன. அமெரிக்க விண்ணப்பத்தை டிசம்பரில் அனுப்பிவிட்டு, சும்மா இருந்தால் தளத்தைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய இரண்டு மாதத்தை அந்தத் தேர்வுக்குப் படிக்கப் பயன்படுத்தலாம் என்றேன். அரை மனதோடு சம்மதித்தார்.

காத்திருப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிப்ரவரி இறுதிவரை துறை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புவதால் பயனில்லை. மார்ச் நடுவில் ஒரே ஒரு முறை, நான்கு வரியில், விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு நிலவரம் கேட்கலாம். புதிதாகக் கட்டுரை ஏதாவது வெளிவந்திருந்தால் அதைச் சொல்வதற்காகவும் எழுதலாம். காத்திருப்போர் பட்டியலில் இருப்பதாகப் பதில் வந்தால் ஏப்ரல் இரண்டாம் வாரம்வரை பொறுக்கத்தான் வேண்டும். மற்றவர்கள் தங்கள் முடிவைச் சொல்லி இடங்களைக் காலி செய்வது பெரும்பாலும் அந்த வாரத்தில்தான். இதற்கு நடுவில் கல்லூரி வளாகத் தேர்வில் வேலை கிடைத்தவர்கள், சேரும் தேதியையும் ஒப்பந்தப் பத்திரத்தின் விதிகளையும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். ஜூனில் சேர்ந்து ஆகஸ்டில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதும் 'ஒன்றே ஒன்று' என்ற முடிவின் விலையில் சேர்த்தி.

அவருக்கு அமெரிக்காவிலிருந்து மார்ச்சில் காத்திருப்போர் பட்டியல் என்று பதில் வந்தது, ஏப்ரல் 16 காலையில் இல்லை என்று வந்தது. நான் எதிர்பார்த்த அளவுக்கு அவர் உடைந்துவிடவில்லை. அதற்குள் ஜெஸ்ட் மதிப்பெண் வந்து, இரண்டு நிறுவனங்கள் நேர்முகத்துக்கு அழைத்திருந்தன. அன்று மாலையே என் அறை வாசலில் வந்து நின்றார்.

"அந்தப் பழைய லெட்டரையே தேதி மாத்திக் குடுத்தாப் போதும் சார்."

போதாது. அது ஒரே ஒரு பேராசிரியரின் ஆய்வை மனத்தில் வைத்து, அந்தப் பென்சில் சுழிப்பைச் சொல்லி எழுதிய கடிதம். நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டு, புதிதாக ஒன்றை எழுத உட்கார்ந்தேன். பென்சில் சுழிப்பை மட்டும் அதிலும் விடவில்லை.